மஞ்சளுக்கு நுண்ணலை உலர்த்தி தேவையா?

ஈரோடு போன்ற மஞ்சள் விளையும் மாவட்டங்களில், பத்துப் பதினைந்து நாட்கள் களத்தில் காய வேண்டிய மஞ்சளைச் சில மணி நேரத்தில் காய வைக்கலாம் என்றால் எந்த உழவருக்கும் ஆசை வரத்தான் செய்யும். நுண்ணலை உலர்த்தி என்னும் இயந்திரம் இதைச் செய்யக் கூடியதே. பட்டணத்து வீடுகளில் சோற்றைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் பெரிய வடிவம்தான் இது. ஆனால் மின்கட்டணம் எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இதில் பணம் போடுவது சரியல்ல.

கணக்கு எளிதானது. வேகவைத்த மஞ்சள் 100 கிலோவில் 75 கிலோ தண்ணீர் இருப்பதாகக் கொள்வோம். 10 சதவீத ஈரப்பதத்திற்கு வரும்போது எடை 28 கிலோவாகிவிடும். அதாவது 72 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு கிலோ தண்ணீரைச் சூடேற்றி ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் வெப்பம் வேண்டும். இதில் எந்த உற்பத்தியாளரும் சலுகை தர முடியாது. இயந்திரம் எடுக்கும் மின்சாரத்தில் பாதி மட்டுமே சரக்கில் வெப்பமாகச் சேர்ந்தால், கிலோவுக்கு 1.4 யூனிட். ஆக, 28 கிலோ காய்ந்த மஞ்சளுக்கு 100 யூனிட் செலவு!

அதே மஞ்சளை ஈரப்பதம் 25 சதவீதம் ஆகும்வரை வெயிலில் காயவிட்டால் எடை சுமார் 33 கிலோவாகிவிடும். மீதி அகற்ற வேண்டிய தண்ணீர் ஐந்தரை கிலோதான். அதற்கு 8 யூனிட். காய்ந்த சரக்கு நுண்ணலையைக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் 12 யூனிட் என்றே வைத்துக்கொண்டாலும், முன்னதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

வெயில் தடுமாறும் இடமும் இந்தக் கடைசி ஈரம்தான். மேல்தோல் காய்ந்து இறுகிவிடுவதால் உள்ளே நிற்கும் ஈரம் எளிதில் வெளியே வராது. வெயிலும் சூடான காற்றும் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். நுண்ணலையோ உள்ளே உள்ள ஈரத்தையே நேராகச் சூடாக்குகிறது. எனவே முதல் ஈரத்தை வெயிலுக்கும் சூரியக் கூடார உலர்த்திக்கும் விட்டுவிட்டு, கடைசி ஈரத்திற்கு மட்டும் இயந்திரத்தை அழைப்பதே அறிவுடைமை. தை, மாசி, பங்குனியில் வெயில் இலவசமாகக் கிடைக்கும்போது, எல்லா ஈரத்தையும் மின்சாரத்தால் விரட்டுவது, வாய்க்கால் தண்ணீர் பாயும் வயலுக்கு டீசல் என்ஜின் வைத்து இறைப்பதற்கு ஒப்பாகும்.

இனி இயந்திரத்தின் உள்ளே பார்ப்போம். மேக்னட்ரான் என்னும் குழாய் மின்சாரத்தை நுண்ணலையாக்கி உலோகப் பெட்டிக்குள் அனுப்புகிறது. அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். பெட்டியின் சுவர்கள் அலைகளைத் திருப்பித் திருப்பி அடிப்பதால், அவை ஒன்றோடொன்று மோதி, சில இடங்களில் சூடு மிகுந்தும் சில இடங்களில் குன்றியும் நிற்கும். ஐயமிருந்தால், வீட்டு அடுப்பின் சுழல்தட்டை எடுத்துவிட்டு, அசையாத ஒரு தட்டில் அப்பளங்களைப் பரப்பிச் சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கலாம். அங்கங்கே திட்டுத்திட்டாகப் பொரிந்திருக்கும். இடையில் பச்சையாகவே இருக்கும். மஞ்சளுக்கும் இதே கதிதான். ஆகவே சுழல்தட்டோ, நகரும் பட்டையோ, அலைகளைக் கலைத்துவிடும் உலோக விசிறியோ இல்லாத இயந்திரத்தைத் தொடவே வேண்டாம்.

பெட்டியில் சரக்கு குறைவாக இருந்தால் உறிஞ்ச ஆளில்லாமல் அலை மேக்னட்ரானுக்கே திரும்பும். மின்சாரமும் வீண், குழாயின் ஆயுளும் குறையும். வெறும் பெட்டியை ஓட்டவே கூடாது. ஆவியை வெளியேற்றக் காற்றோட்டமும் அவசியம். இல்லையெனில் வெளியேறிய ஈரம் சுவரில் படிந்து சொட்டி மஞ்சளையே மறுபடி நனைக்கும், அதை இரண்டாம் முறை காய வைக்க வேண்டியிருக்கும். மேக்னட்ரானைக் குளிர்வித்து வரும் சூடான காற்றை வீணாக வெளியே விடாமல் பெட்டிக்குள் செலுத்தினால் இந்த வேலைக்கு அதுவே உதவும். இப்படி அமைத்துத் தரக் கேட்பது வாங்குவோரின் உரிமை.

விரலியையும் கிழங்கையும் ஒன்றாகப் போடுவது பெருந்தவறு. பருமனான கிழங்கின் நடுவில் சூடு தேங்கி, மேலே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கருகிவிடும். மஞ்சளின் எண்ணெய்ச் சத்தும் பறந்துவிடும். குறைந்த சக்தியில், விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். அவ்வப்போது ஒன்றிரண்டை உடைத்துப் பார்ப்பது நல்லது.

விற்பனையாளர் சொல்லும் திறனைச் சோதிக்க வழி உண்டு. பெட்டிக்குள் பிளாஸ்டிக் தட்டுகளில் 43 லிட்டர் தண்ணீரைப் பரப்பி வைத்து, வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறும்வரை ஓட்டி, மின்மீட்டரைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் சேர்ந்தது சரியாக அரை யூனிட் வெப்பம். மீட்டர் ஒரு யூனிட் காட்டினால் திறன் 50 சதவீதம். முக்கால் யூனிட் காட்டினால் 67 சதவீதம். ஒன்றரை யூனிட் காட்டினால் கும்பிட்டு விடைபெறலாம். பெட்டி சிறிதாக இருந்தால், லிட்டரை டிகிரியால் பெருக்கி 860-ஆல் வகுத்தால் தண்ணீரில் சேர்ந்த யூனிட் கிடைக்கும்.

ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் மஞ்சள் போடும் தனி உழவர் இதை வாங்க வேண்டியதில்லை. ஆண்டில் இரண்டு மூன்று மாதம்தான் வேலை, மற்ற நாட்களில் இயந்திரம் தூங்கும், கடனுக்கு வட்டி தூங்காது. மானியம் உண்டு என்பதும் வாங்குவதற்குக் காரணமாகாது. முருங்கை இலை, மிளகாய், இஞ்சி என்று ஆண்டு முழுவதும் சரக்கு வரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இது பயன்படலாம். அவர்களும் தண்ணீர்ச் சோதனையை நேரில் பார்த்த பிறகு, புதிய மேக்னட்ரான் என்ன விலை, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டே முன்பணம் கொடுக்க வேண்டும்.