மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?



எங்காவது ஒரு குண்டு வெடித்துவிட்டால் போதும். ஆட்சியாளர்கள் உடனே எடுக்கும் ஆயுதம், புதிய சட்டம்! ஏன் வெடித்தது, உளவுத்துறை எங்கே கோட்டைவிட்டது, முந்தைய அநீதிக்கு நியாயம் கிடைத்ததா என்று எவரும் கேட்பதில்லை. சட்டத்தைக் கடுமையாக்கினோம், வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்கிறார்கள். முடிந்ததா? நடந்ததைப் பார்ப்போம்.

1985இல் தடா வந்தது. 1987இல் மேலும் கூர்தீட்டப்பட்டது. காவல்துறை கண்காணிப்பாளர் முன்னிலையில் தரும் வாக்குமூலமே நீதிமன்றத்தில் சாட்சியம் ஆனது. பூட்டிய அறைக்குள் வாக்குமூலம் எப்படி வாங்கப்படும் என்பது ஊருக்கே தெரியும். அதையே சட்டம் ஆதாரமாக ஏற்றது. ஜாமீன் குதிரைக்கொம்பானது. 76 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களோ நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 1995 மே மாதம் அச்சட்டம் காலாவதியாக விடப்பட்டது.

சரி, தடா குண்டுவெடிப்பைத் தடுத்ததா? 257 உயிர்களைப் பலிகொண்ட பம்பாய் தொடர் குண்டுவெடிப்பு 1993 மார்ச் 12 அன்று நடந்தபோது தடா அமலில்தான் இருந்தது! 2001 அக்டோபரில் பொடா அவசரச் சட்டமாக வந்தது. அது அமலில் இருக்கும்போதே டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. 2002 மார்ச்சில் இரு அவைகளையும் கூட்டாகக் கூட்டிப் பொடாவைச் சட்டமாக்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் குஜராத்தின் அக்ஷர்தாம் கோயிலில் தாக்குதல் நடந்தது.

அந்த அக்ஷர்தாம் வழக்கு ஒன்றே போதும், இந்தக் குறுக்குவழியின் லட்சணத்தைக் காட்ட. பொடாவில் ஆறு முஸ்லிம்கள் தண்டிக்கப்பட்டனர். மூவருக்குத் தூக்கு. 2014 மே 16 அன்று உச்சநீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என விடுதலை செய்தது. வழிபட வந்த இடத்தில் கொல்லப்பட்ட இந்துச் சகோதரர்களின் குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது? அப்பாவியைப் பிடித்து உள்ளே தள்ளும் ஒவ்வொரு முறையும் உண்மைக் குற்றவாளி வெளியே நடமாடுகிறான். ஆகவே இது முஸ்லிம்களுக்கு மட்டுமான ஆபத்தல்ல, நாட்டுக்கே ஆபத்து.

பொடா முஸ்லிம்களுக்குத்தானே என்று இருந்தவர்களும் பாடம் படித்தார்கள். அச்சட்டத்தை ஆதரித்த கூட்டணியில் இருந்த வைகோவே 2002 ஜூலையில் அதே பொடாவில் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கும் மேல் வேலூர் சிறையில் இருந்தார். 2004இல் பொடா ரத்தானது. ஆனால் என்ன நடந்தது? அதன் பல பிரிவுகள் அப்படியே 'ஊபா' சட்டத்துக்குள் குடியேறின. 2008இல் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாட்கள் வரை காவலில் வைக்க வழி செய்தார்கள். 2019இல் விசாரணையே இல்லாமல் தனிமனிதரைப் பயங்கரவாதி என அறிவிக்கும் அதிகாரமும் வந்தது. பலகை மாறியது, கடை மாறவில்லை!

நோயின் வேர் எங்கே? பம்பாயையே எடுத்துக்கொள்வோம். 1992 டிசம்பர் 6 அன்று பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. தொடர்ந்த கலவரங்களில் சுமார் 900 பேர் கொல்லப்பட்டனர். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் அறிக்கை தந்தது. அந்தக் கலவரமே குண்டுவெடிப்புக்குக் காரணமாக அமைந்ததை அது சுட்டிக்காட்டியது. குண்டுவெடிப்பு வழக்கில் நூறு பேர் தண்டிக்கப்பட்டனர். கலவர வழக்குகளில் தண்டனை பெற்றவர்களோ மிகச் சிலர். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு! இந்த வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளினால் நோய் தீருமா?

ஆட்சியாளர்களை மட்டும் சாடிவிட்டு நிறுத்தினால் நாமும் நேர்மையற்றவர்கள் ஆவோம். நம் இளைஞர்கள் சிலரும் குறுக்குவழியை நம்பினார்கள். 1997 நவம்பரில் கோவையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். கடைகள் சூறையாடப்பட்டன. அநீதிதான், மறுக்க முடியாத அநீதி. அதற்குப் பதிலாக 1998 பிப்ரவரி 14 அன்று வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. அந்த 58 பேரா நமக்கு அநீதி இழைத்தார்கள்? ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பானது என்பதல்லவா நம் மார்க்கம்!

விளைவு என்ன? நவம்பர் கொடுமைக்கு நியாயம் கேட்கும் குரல் அன்றோடு அடங்கிப்போனது. கோட்டைமேட்டைச் சுற்றிப் பல ஆண்டுகள் சோதனைச் சாவடிகள் நின்றன. வியாபாரி சரக்கு கொண்டுவரவும், பெண்கள் கடைவீதி போய்வரவும் சோதனைக்கு நிற்க வேண்டியதாயிற்று. பழிக்குப் பழி என்று கிளம்பியவர்கள் எதிரிக்கே சேவகம் செய்தார்கள்.

இளைஞர்களே! ஆத்திரத்தில் வருவது அரைநாள் வேகம். நீதி கேட்பது ஆண்டுக்கணக்கான உழைப்பு. ஊருக்கு இரண்டு பேர் சட்டம் படியுங்கள். கைது நடந்தால் எந்த நேரம், எந்த இடம், யார் அழைத்துப் போனார் என்று அன்றே எழுதிவையுங்கள். அக்ஷர்தாம் வழக்கில் ஆறு பேரை மீட்டது ஆவேச முழக்கம் அல்ல. வழக்கு ஆவணங்களை விடாமல் வாசித்து வாதாடிய வழக்கறிஞர்களின் உழைப்பு.

வணிகப் பெருமக்களே! கலவரம் வந்தபின் நிவாரணத்துக்கு அள்ளிக் கொடுக்கிறீர்கள். அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். ஆனால் வருமுன்னே சட்டக் கல்லூரி மாணவனுக்குக் கட்டணம் கட்டுங்கள். அப்பாவிச் சிறைவாசியின் வழக்குச் செலவை ஜமாஅத் கணக்கில் ஒரு நிரந்தரச் செலவாக ஆக்குங்கள்.

ஆட்சியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டத்தின் கடுமையால் அமைதி வராது. கலவரக்காரனையும் குண்டு வைத்தவனையும் ஒரே தராசில் நிறுத்துங்கள். வேருக்கு மருந்து அதுதான். பகைமைக்காக நீதி தவறக் கூடாது என்று எங்கள் இறைவன் எங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறான். அதே நீதியைத்தான் உங்களிடம் கேட்கிறோம். சலுகை அல்ல!