பரணில் தூங்கும் பெட்டி!

குட்டீஸ்... உங்கள் வீட்டில் முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? 'ஓ... இருக்கே' என்பவர்கள், அது எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பீரோவின் மேலேயோ, பரணிலோ இருந்தால், அது இல்லாத மாதிரி தான்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பல வீடுகளில் அப்பாவுக்கு ஒரு ஷிப்ட், அம்மாவுக்கு ஒரு ஷிப்ட். பள்ளி விட்டு வந்தால் நீங்களும், தம்பி, தங்கையும் தான். முழங்கால் சிராய்ப்பதும், தோசைக்கல் சுடுவதும், ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்குமா?

தொழிற்சாலையில் இதற்கு ஒழுங்கு உண்டு. 1948ல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது வைக்கச் சொன்னது. அதோடு விடவில்லை. பெட்டி வேலை நேரம் முழுவதும் கைக்கு எட்ட வேண்டும். சொன்ன பொருட்களைத் தவிர வேறெதுவும் உள்ளே இருக்கக்கூடாது. முதலுதவி தெரிந்த ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றது. இது அப்படியே வீட்டுக்கும் பொருந்தும். வீட்டில் அந்தப் பொறுப்பாளர் நீங்கள் தான் என்பேன்!

'சின்னப் பசங்க கையில் மருந்தா?' என்று அம்மா கேட்பார். நியாயம் தான். அதனால், இரண்டு பெட்டி வேண்டும். மாத்திரை, டானிக் எல்லாம் பெரியவர்கள் பெட்டியில். அது எட்டாத உயரத்தில் பூட்டியே இருக்கட்டும். உங்கள் பெட்டியில் பேண்ட் - எய்டு, சுத்தமான காஸ் துணி, சுற்றும் பேண்டேஜ், ஒட்டும் பிளாஸ்திரி, முனை மழுங்கிய கத்தரிக்கோல், முள் எடுக்கும் இடுக்கி, ஓ.ஆர்.எஸ்., பாக்கெட் போதும். பஞ்சை நேராகக் காயத்தில் வைக்காதீர்கள், இழைகள் ஒட்டிக்கொள்ளும்.

பேண்ட் - எய்டு பிறந்த கதை தெரியுமா? அமெரிக்காவில் எர்ல் டிக்சன் என்பவரின் மனைவி, சமைக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வார். வீட்டில் தனியாக இருக்கும்போது அவரே ஒரு கையால் கட்டுப்போட வேண்டுமே... அதற்காக, 1920ல் ஒட்டும் பட்டையின் நடுவே துணியை வைத்துத் தயாரித்தார் டிக்சன். தனியாக இருப்பவருக்காகப் பிறந்த பொருளைப் பரணில் வைக்கலாமா?

சுட்டுக்கொண்டால் பெட்டியைத் தேடவே வேண்டாம். குழாயைத் திறந்து, 20 நிமிடம் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, காபித்தூள், பேனா மை எதுவும் கூடாது. பாட்டி சொன்னாலும் சரி! ரத்தம் நிற்காமல் வந்தால், காஸ் துணியை வைத்து அழுத்தியபடியே, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள்.

வெளியூர் போகும்போதும் இதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பையில் போடுங்கள். பழவேற்காடு போனால், கிளிஞ்சல் காலைக் கிழிக்கலாம்; சிறுவாபுரி கோவில் கூட்டத்தில் வெயிலில் தலை சுற்றலாம். பஸ்சில் பெட்டி இருக்குமே என்கிறீர்களா? ஒருமுறை நான் திறக்கச் சொல்லிப் பார்த்தேன்... உள்ளே ஒரு சீப்பும், பழைய துண்டும்!

மாதத்தின் முதல் ஞாயிறு, உங்கள் பெட்டியைத் திறந்து, தீர்ந்ததையும், தேதி முடிந்ததையும் எழுதி அப்பாவிடம் கொடுங்கள். மூடியின் உட்புறம் 108, அம்மா வேலை செய்யும் இடத்து போன் எண், பக்கத்து வீட்டு எண்... மூன்றையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தம்பியும் படிக்க வேண்டும் அல்லவா!