கேள்வியும் ஒரு கருவியே

உளவியல் என் பாடமன்று. நான் வேதியியல் மாணவன். ஆயினும் அதன் ஆராய்ச்சி முறைகளை நம்மில் ஒவ்வொருவரும் ஓரளவேனும் கற்க வேண்டும் என்பது என் கருத்து. இக்கருத்து நூலகத்தில் பிறந்ததன்று; எங்கள் தெருவில் நான் செய்த ஒரு தவற்றில் பிறந்தது.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலைச்சரிவில் மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் மாண்டன. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அது. எங்கள் வீடு மலைக்கு வெகு தொலைவு. பாறை உருண்டு வர வழியே இல்லை. ஆனாலும் தீபத்திற்குள் இன்னொரு பெரும்பாறை விழும் என்று தெருவெங்கும் பேச்சு. என் தாயார் ரேஷன் கார்டையும் என் மதிப்பெண் பட்டியலையும் துணியில் முடிந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். 'படிக்காதவர்களின் பயம்' என்று சிரித்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவன் அல்லவா, அந்தச் செருக்கு!

பின்னர்தான் ஒரு நூலில் படித்தேன். 1934 ஜனவரி 15-ல் நேர்ந்த பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் திரட்டி, 1935-ல் கட்டுரை எழுதினார். அதிர்வை உணர்ந்தும் சேதம் காணாத ஊர்களில்தான் 'இதைவிடப் பெருங்கேடு வருகிறது' என்ற பேச்சு பரவியிருந்தது. டார்ஜிலிங் நிலச்சரிவைப் பற்றித் துர்கானந்த் சின்ஹா 1952-ல் எழுதினார். கேட்டை நேரில் கண்ட அம்மக்களிடையே அத்தகைய வதந்தி இல்லை. இவ்விரண்டையும் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-ல் தம் நூலில் ஒப்பிட்டார். அச்சம் இருக்கிறது, அஞ்சுவதற்குரிய பொருள் கண்முன் இல்லை. ஆகவே மனம் அச்சத்துக்கேற்ற செய்தியைத் தேடிக்கொள்கிறது என்றார். இதில் படிப்பு எங்கே வந்தது? என் தாயாரை நினைத்து வெட்கினேன்.

ஆனால் ஊர் வேறு, ஆண்டு வேறு, மக்களும் வேறு. இது ஒப்பீடே தவிரச் சோதனையன்று. சோதனையென்றால் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்திருக்க வேண்டும். நிலத்தை நாம் குலுக்க முடியாது! ஆகவே 1959-ல் வெளியான ஆய்வில் ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலை தந்து, அது சுவையானதென்று பிறரிடம் பொய் சொல்லச் செய்தனர். கூலி சிலருக்கு ஒரு டாலர், சிலருக்கு இருபது. ஒரு டாலர் பெற்றவர்களே அவ்வேலையைப் பின்னர் மிகுதியாகப் புகழ்ந்தனர்.

இதையெல்லாம் படித்த மிடுக்கில், அடுத்த மழைக்காலத்தில் நானும் ஓர் ஆய்வில் இறங்கினேன். இருபது வீடுகளில், "இன்னொரு பாறை விழும்னு கேள்விப்பட்டீங்களா?" என்று கேட்டேன். பத்தொன்பதில் 'ஆம்'. அன்றிரவு என் தாயாரிடம், மலையைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்றேன். "பாறை விழுமாம்டா. 'உன் புள்ளயே நோட்டு எடுத்துக்கினு வந்து கேக்குறான்னா நெசமாத்தான் இருக்கும்'னு எதிர்வீட்டு அக்கா சொல்லுது" என்றார்.

பியூரெட்டில் மூன்று முறை அளவெடுத்தாலும் கரைசல் நம் பேச்சைக் கேட்பதில்லை. மனிதர் கேட்கிறார்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு வினாப்பட்டியல் எடுத்துச் செல்லும் நண்பர்களுக்கும், அதனைத் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் என் விண்ணப்பம்: ஊருக்குள் போகுமுன் ஐந்தாறு பேரிடம் கேட்டுப் பார்த்து, விடையைத் தானே ஊட்டிவிடும் வினாக்களை நீக்கிவிடுங்கள். உளவியல் கற்ற ஒருவரை அழைத்து, ஒரு நாளாவது எங்களுக்குப் பயிற்சி தாருங்கள்.