ஏலம் போவது மரமா, ஊரின் உரிமையா?

பெஹாலா வாழ் தமிழ்த் தோழர்களே!

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் மழையைப் பற்றிச் சொல்லிவிட்டு அடுத்துச் சொல்லும் செய்தி இதுவாக இருக்கிறது: கண்மாய்க் கரை மரங்கள் ஏலத்துக்கு வருகின்றனவாம். "நாம்தான் பிழைக்க வந்துவிட்டோமே, நமக்கென்ன?" என்று கையை விரிப்போர் நம்மிடையே உண்டு. அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறோம்.

ஏலம் என்றாலே கெட்டது என்று நாம் சொல்லவில்லை. புளியமரத்தின் காய்ப்பை ஆண்டுதோறும் ஏலம் விடுவது நம் ஊர்களின் பழைய வழக்கம். மரம் நிற்கும், காய் விலையாகும், பணம் பொதுவுக்கு வரும். வெட்டு ஏலம் அப்படிப்பட்டதல்ல. அது ஒரே நாளில் முதலையே விற்றுத் தின்னும் வியாபாரம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து மக்களைக் குழப்புவதில்தான் காண்டிராக்டர்களின் சாமர்த்தியம் இருக்கிறது.

இந்த மரங்கள் யாருடையவை? மேய்ச்சல் தரை, களம், இடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளைத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் (1994) ஊராட்சியின் வசம் வைத்திருக்கிறது. வசம் வைப்பது காப்பதற்காக. ஐந்தாண்டுப் பதவிக்கு வந்தவர் ஐம்பதாண்டு மரத்தின் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. பஞ்சாபின் ரோஹர் ஜாகிர் கிராமத்துக் குளம் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. நீண்டகால அனுபவமோ, செலவிட்ட பணமோ, அரசியல் செல்வாக்கோ ஆக்கிரமிப்பை நியாயமாக்காது என்றது. நிலத்துக்குப் பொருந்தும் இந்த நீதி, அந்த நிலத்தில் நிற்கும் மரத்துக்கு மட்டும் பொருந்தாதா?

அடுத்தது விலை. ஏலக்காரர் விறகையும் பலகையையும் எடை போடுகிறார். நிழலுக்கும், கரையைப் பிடித்திருக்கும் வேருக்கும் அவரிடம் தராசு இல்லை. நாம் வாழும் இந்த வங்கத்திலேயே அதற்கு ஒரு கணக்குப் போடப்பட்டது. ஜெசோர் சாலையில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டுவதை எதிர்த்து ஜனநாயக உரிமைப் பாதுகாப்புச் சங்கம் வழக்காடியது. உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மரத்தின் மதிப்பு அதன் வயதை 74,500 ரூபாயால் பெருக்கினால் வரும் தொகை என்றது. 300 மரங்களுக்கு 220 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. இத்தனைக்குப் பிறகும் 2023 பிப்ரவரியில் மரங்களை வெட்ட நீதிமன்றம் அனுமதித்துவிட்டது.

ஆகவே நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருப்போர் ஏமாறுவார்கள். நீதிமன்றம் வேண்டாம் என்போரும் ஏமாறுவார்கள். இரண்டையும் சேர்த்து நடத்திக் காட்டியவர்கள் கர்நாடகத்து விவசாயிகள். 1984இல் அம்மாநில அரசு ஒரு தனியார் ஆலையோடு கூட்டுச் சேர்ந்து, கர்நாடக பல்ப்வுட் என்ற நிறுவனத்தை அமைத்தது. ஆலைக்குத் தைலமரம் வளர்க்க ஊர்ப் பொது நிலங்கள் 30,000 ஹெக்டேர் அதற்கென ஒதுக்கப்பட்டன. எழுத்தாளர் சிவராம காரந்தும் சமாஜ பரிவர்த்தன சமுதாயமும் உச்ச நீதிமன்றம் சென்று 1987 மார்ச்சில் தடையாணை பெற்றனர். அதே ஆண்டு நவம்பர் 14 அன்று குஸ்னூரில் மக்கள் திரண்டு தைலக் கன்றுகளைப் பிடுங்கி, தங்களுக்குப் பயன்படும் கன்றுகளை நட்டனர். 1991இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. தடையாணை கையில் இருந்தது. நிலத்தில் மக்கள் நின்றார்கள். வென்றார்கள்.

நாம் செய்ய வேண்டியது என்ன? பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பத்து நாள் கூடுதலாகத் தங்குங்கள். ஜனவரி 26 கிராம சபை நாள். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் எவரும் அங்கே எழுந்து கேட்கலாம். பெயரை இங்கே மாற்றிக்கொண்டவர்கள் அண்ணன் தம்பியை, அக்கா தங்கையைக் கேட்கச் சொல்லுங்கள். வெட்டு ஏலம் வேண்டாம் என்ற தீர்மானத்தை எழுத்தில் ஏற்றி நகல் பெறுங்கள். எத்தனை மரம், என்ன மதிப்பு, யார் உத்தரவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடுங்கள். இந்தக் காகிதங்கள்தான் நாளை உயர் நீதிமன்றத்தில் நம் சாட்சிகள். ஆனால் கோடரி விழுவதற்கு முன் போக வேண்டும். வெட்டிய மரத்தை எந்த நீதிபதியும் நட்டு நிறுத்த முடியாது.

வழக்குச் செலவுக்கு ஊர் ஏழைகளால் ஆகாது என்பார்கள். ஊர்த் திருவிழாவுக்கு நாம் இங்கிருந்து வரி அனுப்பவில்லையா? சாமி தேர் ஏறும் தெருவுக்குத் தந்த கை, அந்தத் தெருவுக்கு நிழல் தரும் மரத்துக்கும் தரட்டும்.

என்றாவது திரும்பிப் போவோம் என்றுதான் இந்த நகரத்தில் காலம் தள்ளுகிறோம். போய் இறங்கும்போது உட்கார ஒரு நிழல் வேண்டாமா?