பாம்பையே நடுங்க வைக்கும் 'படை'!

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அந்தப் படை வேறு. தோலில் வட்டம் வட்டமாக வந்து அரிக்கிற படை இருக்கிறதே, அதுபோல ஒன்று பாம்புக்கே வந்தால்? வரும். பாம்பு, ஆமை, உடும்பு, ஓணான், முதலை என்று ஊர்வன எல்லாவற்றுக்கும் தோல் நோய் உண்டு.

முசிறி, தொட்டியம் பக்கம் காவிரிக் கரையில் கோரை அறுக்கிறவர்களுக்கும் வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கும் பாம்பு புதிதல்ல. வரப்பில் சாரை, வாய்க்காலில் தண்ணீர்ப் பாம்பு என்று பார்த்துப் பழகியவர்கள்தான். ஆனால் ஒரு பாம்பு உடம்பு வெளுத்து, கண்ணில் பால் ஊற்றியதுபோல மங்கி, அசையாமல் கிடந்தால் 'சீக்குப் பாம்பு' என்று கம்பைத் தேடுவார்கள். பெரும்பாலும் அது சீக்கு இல்லை. சட்டை உரிக்கப் போகிறது, அவ்வளவுதான்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு செதில்தான் கண்ணுக்கு மூடி. சட்டை கழலும்போது அதுவும் சேர்ந்தே கழலும். அதற்குச் சில நாள் முன்பு பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே நீர் கோத்துக்கொள்ளும். கண் மங்குவது அதனால்தான். பார்வை சரியில்லாத அந்த நாட்களில் சீண்டினால் சட்டென்று கடிக்கும். விலகிப் போய்விட வேண்டும்.

வைக்கோல் போரில் பாம்புச் சட்டை கிடைத்தால் பயப்படாமல் ஒரு குச்சியால் தூக்கிப் பாருங்கள். உதடு முதல் வால் நுனி வரை காலுறையைக் கழற்றியதுபோல ஒரே துண்டாக இருந்தால், கண் இருந்த இடத்தில் இரண்டு வட்டக் கண்ணாடிகளும் தெரிந்தால், அந்தப் பாம்பு ஆரோக்கியமாக இருக்க வாய்ப்பு அதிகம். துண்டு துண்டாக உரிந்திருந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கலாம், பழைய காயம் இருக்கலாம், பேன் போன்ற சிறு பூச்சி பிடித்திருக்கலாம். சாரையின் செதில் இடுக்கிலும் உடும்பின் தோல் மடிப்பிலும் மாட்டுக்கு இருப்பதுபோலவே உண்ணி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு என்றால் பாதகமில்லை. கொத்துக் கொத்தாக இருந்தால் இரத்தம் குறைந்து சோர்ந்துவிடும்.

உண்மையான படைக்கு வருவோம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 2006-ல் காட்டு விரியன்களின் எண்ணிக்கை திடீரெனச் சரிந்தது. உயிரோடு இருந்தவற்றின் தோலில் புண். 2008-ல் இல்லினாய் மாநிலத்தில் இன்னொரு வகை விரியன் முகம் வீங்கிச் செத்தது. ஒஃபிடியோமைசிஸ் என்ற பூஞ்சைதான் காரணம் என்று பிறகு தெளிவானது. செதில் தடித்து மஞ்சளாகும், பொருக்குத் தட்டும், முகம் வீங்கும். அந்தப் பாம்பு தோலைக் கழற்றி எறிந்தே நோயை விரட்டப் பார்க்கும். அதனால் அடிக்கடி சட்டை உரிக்கும், வெளியில் வந்து வெயில் காயும். லேசான தொற்று என்றால் அப்படியே தேறிவிடுவதும் உண்டு. முற்றிவிட்டால் வெயிலில் கிடக்கிற நேரம்தான் கூடும், இரை தேடுகிற நேரம் குறையும், பருந்துக்கும் எளிதில் அகப்படும். மனிதருக்கு இந்தப் பூஞ்சை தொற்றியதாகத் தெரியவில்லை.

காட்டில் இருக்கிற பாம்புக்கு ஒரு வசதி உண்டு. வளையில் தண்ணீர் புகுந்தால் மேட்டுக்குப் போய்விடும். பிளாஸ்டிக் டப்பாவில் அடைபட்ட பாம்பு எங்கே போகும்? 'வனத்துறை வரும்வரை' என்று ஈரத்தோடு அப்படியே மூடி வைத்திருந்தால், வயிற்றுச் செதில்களின் அடியில் கொப்புளம் கிளம்பலாம். கொப்புளம் உடைந்து, கிருமி புகுந்து, செதில் அழுகும். தோட்டத்துக்குக் கட்டுகிற நைலான் வலையில் சிக்கிக் கிழிந்த பாம்பின் கதையும் இதேதான். வலையை அறுத்துவிட்டால் பிழைத்தது என்று நினைக்கிறோம். காயம் சீழ் பிடிப்பதை யாரும் பார்ப்பதில்லை.

இதை நம் ஊரிலேயே சரியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இயங்குகிறது. பிடித்த பாம்பை மண்பானையில் வைத்து, துணியால் வாய் கட்டி, சில வாரம் விஷம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுகிறார்கள். மண்பானை சூடும் ஏறாது, புழுங்கவும் புழுங்காது. விடுவதற்கு முன் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைப்பார்கள். சில முறை சட்டை உரித்தால் அது மறைந்துவிடும். மறையாத பாம்பு மறுபடி கையில் சிக்கினால் தொடாமல் விட்டுவிடுவார்கள். பாம்பின் தோலையே நாட்காட்டியாக வைத்திருக்கிறார்கள்!

வீட்டுக்குள் வந்தால் நிலைமை மோசம். 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்ற ஊரில், இன்று அதிர்ஷ்டத்துக்காக ஆமை வளர்க்கிறார்கள். உண்மையில் உருப்படாமல் போவது ஆமைதான். நட்சத்திர ஆமை வறண்ட புதர்க்காட்டுப் பிராணி. 'ஆமைதானே' என்று அதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் ஓடு ஊறும், அழுகும், மூழ்கியே செத்தும் போகலாம். கண்ணாடித் தொட்டியில் விற்கிற சிவப்புக் காது ஆமைக்கோ நீரும் வேண்டும், ஏறிக் காய உலர்ந்த கல்லும் வேண்டும், வெயிலும் வேண்டும். கல் இல்லாத தொட்டியில் அதன் ஓடு ஒருநாளும் காய்வதில்லை.

ஓட்டின் மேல் கண்ணாடித் தாள் போல மெல்லிய ஏடு உரிவது நீர் ஆமைக்கு இயல்பு. ஓடு ஓரிடத்தில் மெத்தென்று அமுங்குவது, துர்நாற்றம், அடியில் இளஞ்சிவப்பாக இரத்தம் கட்டியது இவை அழுகலின் அடையாளம். பளபளப்புக்காக எண்ணெய் தடவுவது, உண்ணிக்கு மண்ணெண்ணெய் துடைப்பது இரண்டும் கூடாது.

இன்னொன்று முக்கியம். ஆடு, மாடு, நாய்க்கு உண்ணி போகப் போடுகிற ஐவர்மெக்டின் மருந்து வீட்டில் மிச்சம் இருக்கும். ஆமைக்கு அது விஷம். கை கால் செயலிழந்து செத்துப்போகும். வைத்தியரே ஊர்வன பழக்கம் இல்லாதவர் என்றால், ஆமைக்கு இது ஆகாதே என்று நீங்கள் கேட்டுவிடுவதில் தப்பில்லை. முசிறிக்குப் பக்கத்திலேயே நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், பலர் மருத்துவரிடமே போவதில்லை. நட்சத்திர ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வளர்ப்பது குற்றம். பிடிபடுவோமோ என்ற பயத்தில் ஓடு அழுகி நாறும்வரை குளியலறையில் ஒளித்து வைக்கிறார்கள். திருச்சி விமான நிலையத்தில் பெட்டிக்குள் நெருக்கி அடுக்கிய ஆமைகள் பிடிபடுகிற செய்தியை அடிக்கடி படிக்கிறோம். அந்தப் பெட்டியில் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். மீட்டதும் உடனே காட்டில் விட முடியாமல் தனியே வைத்துக் கவனிப்பது இதனால்தான்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஒரு வார்த்தை. நன்றாகத் தெரிகிற ஆமையின் உடம்பிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகள் வாயில் வைத்துவிடுகிறார்கள் என்றே அமெரிக்கா 1975-ல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டியை அடுப்படிச் சிங்க்கில் கழுவவே கூடாது.

வளர்க்க முடியவில்லை என்று சிவப்புக் காது ஆமையைக் காவிரியில் கொண்டுபோய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். புண்ணியம் என்றுகூட நினைப்பார்கள். அந்த ஆமை நம் ஆற்று ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், தொட்டியில் வாங்கிய நோயையும் ஆற்றுக்குக் கொடுக்கும். பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு, அதுவரை தொட்டியில் ஏறிக் காய ஒரு கல்லைப் போட்டு வையுங்கள்.