எல்லாம் வெள்ளைதான்... ஆனா ஒரே வெள்ளை இல்லை!

கேரவன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஷூட்டிங் ஸ்பாட்தான். உள்ளே ஹீரோ, வெளியே டச்-அப் பெட்டியோடு உதவியாளர். இந்த வாரம் நாம் பேசப்போவது கேரவனுக்கே போடுகிற டச்-அப் பற்றி.

பழைய வேனை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் பொருத்திக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். என் சித்தப்பா அவர்களில் ஒருவர். வேனுக்கு வயது 17. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு கீறல் இல்லாமல் ஏறி இறங்கிய வண்டி, ஊருக்குள் ஒரு புளியமரக் கிளையில் உரசிக்கொண்டது. பக்கவாட்டில் இரண்டு முழ நீளத்துக்குக் கோடு. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இருந்த வெள்ளையை அடித்து அனுப்பிவிட்டார்கள். மூட்டு வலியால் இனி ஓட்ட முடியாது, விற்றுவிடலாம் என்று சித்தப்பா முடிவெடுத்தபோதுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. பார்க்க வந்தவர் வெயிலில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "ஆக்ஸிடென்ட் வண்டியா சார்?" என்று கேட்டார். விலையை இறக்கிப் பேசினார். அடுத்து வந்தவரும் அதையேதான் கேட்டார்.

"வெள்ளைதானேம்மா, அதுல என்ன வித்தியாசம் இருக்கப்போகுது?" என்றார் சித்தப்பா என்னிடம். நிறைய இருக்கிறது. லேசான நீலம் கலந்த வெள்ளை, மஞ்சள் கலந்த வெள்ளை, சாம்பல் சாயல் வெள்ளை என்று கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். பல வண்டிகளின் ஆர்.சி. புக்கில் 'வொயிட்' என்று மட்டும்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பெயின்ட் வாங்கவே முடியாது.

தேவைப்படுவது கலர் கோடு. வண்டியைப் பொறுத்து டிரைவர் கதவின் சட்டத்திலோ, பானெட்டுக்கு அடியிலோ, சீட்டுக்குக் கீழேயோ சின்ன ஸ்டிக்கராகவோ தகடாகவோ இருக்கும். உதாரணத்துக்கு, மாருதி சுஸூகியின் 'சுப்பீரியர் வொயிட்' நிறத்துக்கு 26யு, 'சில்க்கி சில்வர்' நிறத்துக்கு இசட்2எஸ். இந்தக் கோடைச் சொன்னால் மிக்ஸிங் கடையில் ஃபார்முலாவை எடுத்துவிடுவார்கள். ஒரே கோடுக்குள்ளும் லேசாக மாறும் ஷேடுகள் உண்டு என்பதால், ஷேடு கார்டைக் கேட்டு வாங்கி வண்டியின்மேல் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஆனால், கேரவனாக மாற்றிய பழைய வேனில் கோடு பாதி தூரம்தான் கூட்டிப்போகும். முன்பகுதி கம்பெனியில் வந்த இரும்பு. பின்னால் உயர்த்திய கூரை, பாடி கட்டியவர்கள் போட்ட பைபர். பம்பர் பிளாஸ்டிக். மூன்றும் மூன்று இடத்தில், மூன்று விதமான பெயின்ட் வாங்கியவை. வெளிநாட்டு மோட்டார்ஹோம்களிலும் இதே கதைதான். ஐரோப்பாவில் ஃபியட் டுகாட்டோவின் முன்பகுதியை வாங்கி, பின்னால் வீட்டை வேறொரு கம்பெனி கட்டும். ஃபியட் ஸ்டிக்கரில் உள்ள கோடு முன்பக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பின்னால் இருப்பது பல வண்டிகளில் பெயின்ட்டே இல்லை. பைபரின் மேல் படிந்திருக்கும் ஜெல்கோட் என்கிற நிறம் கலந்த ரெசின். அதற்கு ஜெல்கோட் ரிப்பேர் கிட் தனியாக விற்கிறார்கள்.

போதாக்குறைக்கு, சித்தப்பாவின் வண்டி முன்பு டூரிஸ்ட் வேனாக ஓடியது. வாடகை வண்டி எட்டு வயதைத் தாண்டினால் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் டிங்கரிங், பட்டி, பெயின்ட். கம்பெனி பெயின்ட் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இந்த மாதிரி வண்டிக்குக் கோடைவிட வண்டியின் ஒரு துண்டு கையில் இருப்பதுதான் உதவும். டீசல் டேங்க் மூடியைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை பக்கம் உள்ளவர்களுக்கு இது பழகிய விஷயம். போவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று: மூடியின் மேல் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுங்கள். வெயில்பட்ட பெயின்ட்டின் மேல்பரப்பு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். அதைப் பார்த்து நிறம் கலந்தால், பிறகு வண்டியை பாலிஷ் போட்ட அன்றே அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும்.

கதவின் உள்பக்கத்தைப் பார்த்து ஷேடு எடுக்கலாமே, அங்கே வெயில் படாதே என்று தோன்றும். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சிந்தெடிக் எனாமல் வெள்ளைக்கு ஒரு விசித்திர குணம்: வெளிச்சம் படாத இடத்தில்தான் அதிகமாக மஞ்சளடிக்கும். வீட்டில் பீரோவுக்குப் பின்னால் இருக்கும் கதவு நிலை பழுத்துப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

கடையில் ஸ்கேனர் இருந்தால் மூடியின் மேல் வைத்து நிறத்தை அளப்பார்கள். பிறகு வெள்ளையில் சொட்டுச் சொட்டாக மஞ்சளும் கறுப்பும் சேர்த்து, தராசில் கிராம் கணக்கில் கலப்பார்கள். மிஷின் சொல்வதோடு நின்றுவிடாமல் கண்ணால் பார்த்துத் திருத்துகிற ஆள் இருக்கும் கடைதான் என் ஓட்டு. கலந்ததை உடனே வண்டியில் பூசாதீர்கள். ஒரு தகரத்துண்டில் அடித்து, முழுக்கக் காயவிட்டு, வெயிலில் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். கடையின் டியூப்லைட்டில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு வெள்ளையும் வெயிலில் வேறு வேறு ஊர்க்காரர்கள் ஆகிவிடும். சித்தப்பாவுக்கு மூன்றாவது தகரத்தில்தான் சரியாக வந்தது.

சில்வர் மாதிரி மெட்டாலிக் நிறமென்றால் சிக்கல் இன்னும் அதிகம். அதில் உள்ள அலுமினியத் துகள் எப்படிப் படிகிறதோ அப்படித்தான் நிறம் தெரியும். ஒரே டப்பா பெயின்ட்டை பிரஷ்ஷில் பூசினால் ஒரு மாதிரி, ஸ்ப்ரே செய்தால் வேறு மாதிரி. கல்லடித்த புள்ளிகளுக்கு மட்டும் பிரஷ், அதற்கு மேல் என்றால் பெயின்டர்.

நிறம் கிடைத்துவிட்டது, வகை? பழைய பெயின்ட் என்.சி.யா, எனாமலா, பி.யு.வா என்று பார்க்க வேண்டும். கண்ணில் படாத ஒரு மூலையில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால்... வண்டி வெள்ளை என்றால் கறுப்புத் துணியால் தேய்த்துப் பாருங்கள். என்.சி. கரைந்து துணியில் ஒட்டும். நன்றாக இறுகிய பி.யு. அசையாது. எனாமல் மெல்லச் சுருங்கிக் கிளம்பும். எனாமலுக்கு மேல் என்.சி. அடித்தால் அதன் தின்னர் அடியில் உள்ளதைக் கிளப்பி, சுருக்கம் விழுந்த பால் ஆடை மாதிரி ஆக்கிவிடும். நிறம் அச்சாகப் பொருந்தியும் வேலை கெட்டுப்போவது இங்கேதான்.

இரும்பில் துரு தெரிந்தால் உப்புத்தாளில் பளபளப்பு வரும்வரை தேய்த்து, பிரைமர் அடித்த பிறகே பெயின்ட். கடலோர ஊர்க்காரர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பிளாஸ்டிக் பம்பருக்கு அதற்கென்று உள்ள பிரைமர் வேண்டும், இல்லாவிட்டால் உரிந்து வரும்.

சித்தப்பா வண்டிக்கு பெயின்டர் செய்த ஒரு வேலை எனக்குப் பிடித்திருந்தது. கீறல் இருந்த இடத்தோடு நிறுத்தாமல், பக்கவாட்டில் ஓடும் நீல ஸ்டிக்கர் பட்டை வரை புது வெள்ளையை இழுத்துக்கொண்டுபோய் அதன் ஓரத்தில் முடித்தார். ஒரே சமதளத்தில் பழசும் புதுசும் ஒட்டி நின்றால் கண் உடனே பிடித்துவிடும்; நடுவில் பட்டையோ மடிப்போ மூலையோ வந்தால் பிடிக்காது. பழைய வண்டிக்கு நூற்றுக்கு நூறு பொருத்தம் தேடி அலைவதைவிட இது மேல் என்பேன். அதற்குப் பிறகு வண்டியைப் பார்க்க வந்த இரண்டு பேரும் டயரைப் பற்றித்தான் கேட்டார்கள்.

வண்டி முழுவதையும் வேறு நிறத்துக்கு மாற்ற நினைத்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி, ஆர்.சி.யில் பதிய வேண்டும். அதே நிறத்தில் டச்-அப் செய்ய அது தேவையில்லை.

பி.யு. பெயின்ட்டை மட்டும் வீட்டு வாசலில் ஸ்ப்ரே செய்ய வேண்டாம். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அந்தப் புகை ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும் வீடென்றால் ஒர்க்‌ஷாப்பிலேயே முடித்துவிடுங்கள்.

மீதி பெயின்ட்டை, ஹார்டனர் கலக்காததாக, சின்ன டப்பாவில் விளிம்பு வரை ஊற்றி இறுக மூடிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கலந்தது என்றால் சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். டப்பாவின் மேல் தேதியும் பெயின்ட் வகையும் எழுதி, கடைக்காரர் கொடுக்கும் ஃபார்முலா சீட்டையும் ஒட்டிவையுங்கள். சமையலறைப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் சரக்கு.