இன்டர்வியூவா, பெண் பார்க்கும் படலமா?



வடபழனி முருகன் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் எங்கள் வீடு. மாடியில் இருக்கும் இரண்டு அறைகளைப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக வேலை தேடி வரும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டு வருகிறோம். அசோக் நகர், கோடம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் கோர்ஸ் சொல்லித் தருகிற இடங்கள் நிறைய. 2015-ல் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. அதனால் திருவாரூர், கடலூர், சங்கரன்கோவில் என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் வருகிறார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் இருப்பார்கள். வேலை கிடைத்ததும் ஓ.எம்.ஆர். பக்கம் ஹாஸ்டலுக்குப் போய்விடுவார்கள். கிடைக்காதவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

நான் எந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியின் வாசலையும் மிதித்தவள் இல்லை. ஆனால் சாயங்காலம் இந்தப் பெண்கள் திரும்பி வந்து, எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சொன்ன இன்டர்வியூ கதைகளைக் கேட்டுக் கேட்டு, எனக்கே நாலு இன்டர்வியூ போய் வந்த மாதிரி இருக்கிறது. அதில் மனதை அறுக்கும் சில விஷயங்களை நம் பகுதியில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

திருவாரூர் பக்கத்துப் பெண் ஒருத்தி. பி.இ. படித்தவள். கல்யாணமாகி எட்டு மாதம். கணவருக்குத் திருப்பூரில் வேலை. இவளுக்கு இங்கே வேலை கிடைத்தால் அவரும் மாற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. முதல் கம்பெனியில் எழுத்துத் தேர்வு, புரோகிராம் எழுதும் தேர்வு, டெக்னிக்கல் ரவுண்டு மூன்றிலும் பாஸ். கடைசியாக எச்.ஆர். ரவுண்டு. அதில் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லையாம். "கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை எப்போ பிளான்? நைட் ஷிப்ட்னா மாமியார் ஒத்துப்பாங்களா? வீட்டுக்காரர் வேற ஊருக்குப் போனா நீங்களும் போயிடுவீங்களா?" இதுதான். கடைசியில், "சொல்லி அனுப்பறோம்." அவ்வளவுதான். இன்று வரை ஒரு பதிலும் இல்லை.

அடுத்த இன்டர்வியூவுக்குக் கிளம்பும்போது அந்தப் பெண் கீழே இறங்கி வந்தாள். வகிட்டில் குங்குமம் இல்லை. தாலியைச் சுடிதாருக்குள் மறைத்திருந்தாள். கையில் ஒரு ஜோடி மெட்டி. "ஆன்ட்டி, இதை உங்க பீரோவுல வச்சிருங்க. சாயங்காலம் வாங்கிக்கறேன்" என்றாள். குரல் சரியாக இல்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "வேண்டாம்மா, உண்மையைச் சொல்லு" என்றுதானே? சொல்லவில்லை. "போ, முருகன் பார்த்துப்பான்" என்று மெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. ஆனால் சேருகிற நாளில் போன் வந்தது. இன்ஷூரன்ஸ் பாரத்தில் கணவர் பெயர் கேட்கிறார்கள், பி.எப். நாமினி யார் என்று கேட்கிறார்கள், "என்ன எழுதறது ஆன்ட்டி?" என்று அழாத குறை. இந்தத் தடவை தெளிவாகச் சொன்னேன்: "உள்ளதை எழுது." எழுதிக் கொடுத்தாள். பாரம் வாங்கியவர் அதைப் பைலில் போட்டுக்கொண்டாராம். ஒரு வருஷம் ஆகிறது, அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையும் நன்றாகச் செய்கிறாள். அப்படியானால் முதல் கம்பெனிக்காரர் அந்தக் கேள்வியை எதற்குக் கேட்டார்? கல்யாணமானவள் வேலை செய்ய மாட்டாள் என்பது பொய்தானே?

கம்பெனிகள் பக்கத்து நியாயத்தையும் விசாரித்துப் பார்த்தேன். 2017-ல் பிரசவ விடுமுறையை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். நல்ல விஷயம். ஆனால் ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தைக் கம்பெனியே தர வேண்டும். அதனால்தான் முன்கூட்டியே துருவுகிறார்கள். நமக்கு நல்லது செய்ய வந்த சட்டமே நம்மை வாசலில் நிறுத்துகிறது. இந்தச் செலவில் அரசாங்கமும் ஒரு பங்கு ஏற்றால் இந்தத் துருவல் குறையும் என்பது என் தாழ்மையான கருத்து. வேலைக்கு ஆள் எடுப்பதில் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக்கூடாது என்று 1976-லேயே சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது. சட்டம் வந்து ஐம்பது வருஷம் ஆகியும் அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இதைவிடப் பச்சையாகவே இருந்தது. 1974-ல் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த சுதா மூர்த்தி, டெல்கோ கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்தார். பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அதிலேயே போட்டிருந்தது. அவர் ஜே.ஆர்.டி. டாடாவுக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டார். புனேவுக்கு இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள், வேலையும் கொடுத்தார்கள். இப்போது அப்படி யாரும் விளம்பரம் போடுவதில்லை. ஆனால் விளம்பரத்தில் இருந்த வரி இன்டர்வியூ அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. விளம்பரத்தை எதிர்த்துக் கார்டு போடலாம். நாலு சுவருக்குள் வாயால் கேட்ட கேள்விக்கு யாருக்குக் கார்டு போடுவது?

இன்னொன்று, பதிலே சொல்லாத வழக்கம். நம் காலத்தில் பெண் பார்க்க வருவார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிடுவார்கள், பாடச் சொல்வார்கள், "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்பார்கள். லெட்டர் வராது. நாம் தபால்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம். இந்தக் குழந்தைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதே ஏக்கம்தான். கடலூர்ப் பெண் ஒருத்தி அஞ்சு ரவுண்டு முடித்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தாள். அந்தக் கம்பெனியில் கிடைத்துவிடும் என்று நம்பி, சம்பளம் குறைவான வேறொரு வேலையையும் விட்டுவிட்டாள். கடைசியில் இரண்டும் இல்லை.

"லட்சக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, எல்லோருக்கும் பதில் போட முடியுமா?" என்று கேட்கலாம். தேர்வுக்கு வரச் சொல்லி லட்சம் பேருக்கு ஒரே நிமிஷத்தில் மெயில் அனுப்புகிற கம்ப்யூட்டர், "இந்த முறை இல்லை" என்று அனுப்பாதா? கம்ப்யூட்டரிலேயே பிழைப்பு நடத்தும் கம்பெனிக்கு இது முடியாத காரியமா?

வேலை கிடைத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2023 பிப்ரவரியில் விப்ரோ கம்பெனி, வருஷத்துக்கு 6.5 லட்சம் ரூபாய் என்று சொல்லி வைத்திருந்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு பேசியதை மாற்றினால் நாம் என்ன சொல்வோம்?

கொரோனாவுக்குப் பிறகு இன்டர்வியூ வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கேமரா முன்னால் உட்கார வேண்டும், பக்கத்தில் யாரும் வரக்கூடாது, கண் அங்கே இங்கே போகக்கூடாது. மாடியில் யாருக்காவது தேர்வு என்றால் நான் மிக்ஸி போட மாட்டேன், குக்கர் வைக்க மாட்டேன். வடித்த சாதம்தான் அன்றைக்கு. அப்படியும் ஒரு நாள் சங்கரன்கோவில் பெண் தேர்வு எழுதும்போது, சிலிண்டர்காரர் கீழே எனக்கு அழுத்த வேண்டிய பெல்லை மாடியில் போய் அழுத்திவிட்டார். அவள் பதறி வாசலைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிக்கை வந்திருந்ததாம். தேர்வு அப்படியே நின்றுபோனது. காப்பி அடித்ததாகக் கணக்கு. யாரிடம் போய் முறையிடுவது? எதிரில் மனுஷரே இல்லையே! தனி அறை உள்ள வீட்டுப் பிள்ளைக்கும், ஒற்றை அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கேமரா சட்டம் நியாயமாகுமா?

புதிர் போடும் கேள்விகளும் உண்டு. சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை இட்லி விற்கும் என்று ஒருத்தியைக் கேட்டார்களாம். "என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தா நான் சொல்லியிருப்பேன்" என்று சிரித்தேன். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. இப்படிப்பட்ட புதிர்களால் ஆளைப் பற்றி எதுவும் தெரியவில்லை என்று கூகுள் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்தவரே 2013-ல் பேட்டி கொடுத்துவிட்டார். அவர்களே வேண்டாம் என்று விட்டதை இங்கே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லா இடமும் மோசம் என்று சொன்னால் வாய் அழுகும். இதே சங்கரன்கோவில் பெண் தமிழ் மீடியத்தில் படித்தவள். ஒரு இடத்தில் ஆங்கிலத்தில் பேச வராமல் திணறியிருக்கிறாள். எதிரில் இருந்த அம்மா தண்ணீர் கொடுத்து, "தமிழ்லயே சொல்லும்மா, யோசனை சரியா இருக்கான்னுதான் பார்க்கப் போறேன்" என்றாராம். அதன் பிறகு கடகடவென்று சொல்லி முடித்தாளாம். வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் எதனால் எடுக்கவில்லை, என்ன படித்துவிட்டு வர வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை அவள் சுவரில் ஒட்டி வைத்துப் படித்தாள். ஏழு மாதம் கழித்து வேறு கம்பெனியில் வேலையும் வாங்கினாள். வேலை கொடுக்காவிட்டாலும் இப்படி ஒரு மரியாதையைக் கொடுக்கலாமே!

நம் ஊர் ஸோஹோ கம்பெனி, காலேஜ் பட்டம் இல்லாத பிள்ளைகளையும் எடுத்துத் தாங்களே பள்ளிக்கூடம் நடத்திப் பழக்கி வேலை கொடுத்து வருகிறது. குழந்தை, குடும்பம் என்று வேலையை விட்ட பெண்களுக்காக 'மறுபடி' என்ற பயிற்சியையும் கொண்டு வந்தது. டாடா குழுமமும் 2008-லேயே அப்படி ஒரு திட்டம் தொடங்கியது. நடுவில் வீட்டில் இருந்த வருஷங்களைக் குற்றம் போல விசாரிக்காமல் இருக்க முடியும் என்று இவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக, நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். பெரிய கம்பெனிகள் எல்லாம் நாங்கள் பணம் வாங்குவதில்லை என்று தங்கள் வலைத்தளத்திலேயே போட்டிருக்கின்றன. தோட்டை அடகு வைத்துக் கட்டிய பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆபீஸ் மறுவாரம் பூட்டிக் கிடந்தது.

இன்னொன்று நம் நாக்கு. தினமும் சாயங்காலம், "என்னம்மா, கிடைச்சுதா?" என்று நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடலூர்ப் பெண், நான் கேட்டுவிடுவேனோ என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மாடி ஏறுவதைப் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது. கம்பெனிக்காரர் ஒரு மணி நேரம் இன்டர்வியூ செய்கிறார், நாம் தினம் தினம் செய்கிறோம். அன்றிலிருந்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும்தான் கேட்கிறேன். சொல்ல வேண்டியதை அவர்களே சொல்கிறார்கள்.

நம் மகனோ, மருமகளோ, தம்பியோ எச்.ஆர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: வேலையைப் பற்றிக் கேளுங்கள், வயிற்றைப் பற்றிக் கேட்காதீர்கள். உண்டு, இல்லை என்பதைச் சொல்லிவிடுங்கள்.

திருவாரூர்ப் பெண் இப்போது மெட்டி போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போகிறாள். போன ஆடிக் கிருத்திகைக்குக் கணவரோடு கோயிலுக்கு வந்தவள், வீட்டுக்கும் வந்திருந்தாள். "உங்க பீரோவை இன்னொருத்திக்கு இப்படித் திறக்க வேண்டி வரக்கூடாது ஆன்ட்டி" என்றாள். எனக்கும் அதுதான் ஆசை.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெண்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, வடபழனி, சென்னை